வழக்கம்போல

பத்தொன்பதாம் தேதி, இரவு பத்தேகால்.
கீழமாசி வீதிக்காரர்கள் ஐந்து பேருக்கு
நாளைக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.
மிளகாய் மண்டிக் கணக்கை முடித்து,
டிஜிட்டல் கையெழுத்துக்கான புது மென்பொருளைச் சொடுக்கினால்
திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி:
நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தருக.
அதன் மேலே அவர் பெயர்,
லூர்து.
பக்கத்தில் ஒரு கால்பந்துப் படம்.

எட்டாம் மாதமே சீட்டைத் தள்ளி எடுத்து
டவுன்ஹால் ரோட்டில் நான் வாங்கிய கம்ப்யூட்டர்.
முதல் வருடம் இதற்கு நான்தான் எல்லாம்.
அப்புறம் ஒரு பென்டிரைவில் வைரஸ் வந்தது.
செருகியது யார் என்று விசாரணை நடக்கவில்லை,
தீர்ப்பு மட்டும் வந்தது.
"நீ சாதாரண யூசராவே இரு அமலி,
ஒனக்கு அது போதும்."
சொல்லிவிட்டு ஓசூர் பஸ் ஏறினார்.

போன் போட்டேன். நைட் ஷிப்ட்.
மிஷின் சத்தத்துக்கு நடுவில்
"தொடாத. சனிக்கெழம நான் வந்து போட்டுத் தாரேன்."
இருபதாம் தேதி சனிக்கிழமை வரை காத்திருக்காது
என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.
அல்லது அவர் வைத்துவிட்டார்.

வெளியே வந்து
அவர் பெயரிலேயே நுழையப் பார்த்தேன்.
தப்பாக ஒன்றை அடித்ததும் குறிப்புக் காட்டியது:
வழக்கம்போல.

பதினோரு வருடம்.
இந்த மனுஷனுக்கு எது வழக்கம்?
பைக் நம்பர். இல்லை.
பையன் பெயர், பிறந்த வருடம் சேர்த்து. இல்லை.
அவர் அம்மா பெயர், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில்.
பெத்தானியாபுரம் வீட்டில் செத்துப்போன நாய்.
கல்யாணத் தேதி.
அதை அடிக்குமுன் நானே ஒருதரம்
யோசிக்க வேண்டியிருந்தது,
அதையும் எழுதிவிடுகிறேன்.
கடைசியாக,
பையன் தூங்குகிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு,
என் பெயர்.
டங்.

இதைப் பொருத்திக் கொடுத்த வீரணனை எழுப்பினேன்.
கொட்டாவியோடு சொன்னான்:
"ஆன் பண்ணும்போதே எஃப் எட்ட அமுக்கிக்கிட்டே இருங்கக்கா.
சேஃப் மோடுன்னு வரும், அங்கிட்டுப் போங்க.
நான் வச்ச அட்மின் ஒண்ணு உள்ளதான் கெடக்கும்.
பாஸ்வேர்டா? அதெல்லாம் கெடையாது,
சும்மா எண்டரத் தட்டுங்க."

முதல் தடவை விரல் பிந்திவிட்டது.
இரண்டாம் தடவை கரண்ட் போனது,
அரசரடிப் பக்கம் எங்கேயோ டிரான்ஸ்பார்மர்.
ஒரு மணிக்கு வந்தது.
மூன்றாம் தடவை
நாலு மூலையிலும் 'சேஃப் மோடு' எழுதிய கறுப்புத் திரை.
படமில்லை, பாட்டில்லை,
நாங்கள் குடிவந்த அன்று இந்த வீடு இருந்ததுபோல.
அங்கே இரண்டு பேர்.
ஒருவர் லூர்து.
இன்னொருவருக்குப் பெயரே இல்லை,
பதவி மட்டும்.
இத்தனை வருடமும் பூட்டில்லாமல்
இங்கேயேதான் இருந்திருக்கிறார்.
எண்டரைத் தட்டினேன்.
கதவென்று ஒன்று இருந்த சத்தமே இல்லை.

அமலி: சாதாரணம்.
ஒரு வட்டத்திலிருந்து பக்கத்து வட்டத்துக்கு
ஒரு புள்ளி நகர்ந்தது, அவ்வளவுதான்.
புதுக் கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
குறிப்புக் கேட்டது.
பழைய குறிப்பையே அடித்தேன்.
பெயரில்லாதவருக்கும் ஒரு பூட்டுப் போட்டேன்.
அப்புறம் அம்புக்குறி
தானாகக் கால்பந்துக்குப் போனது.
கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன்.
கார்ப்பரேஷன் தண்ணீர் வந்துவிட்டது.
குடத்தை வைத்துவிட்டு வந்து
சொடுக்கினேன்.

ஆறு மணிக்கு மிளகாய் மண்டியோடு சேர்த்து
ஐந்தும் போய்ச் சேர்ந்தன.

சனிக்கிழமை.
மாட்டுத்தாவணியிலிருந்து வந்து, குளித்து,
கேம் ஒன்றை ஏற்றப் போனவர்
"என்ன இது, என்கிட்டயே கேக்குது?" என்றார்.
அடுப்பில் வெஞ்சனம் வதங்கிக்கொண்டிருந்தது.
"வெளிய வந்து என் பேர்ல போங்க. குறிப்புக் காட்டும்."

டங்.
கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங்.
இது பைக் நம்பராக இருக்கும்.
கறிவேப்பிலையை உருவிப் போட்டபடி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
என் பெயருக்கு இவர்
எத்தனையாவதாக வருகிறார் என்று.